எந்த ஸ்டார் வார்ஸ் நாவலைப் படமாக்கலாம்? என் ஓட்டு 'கெனோபி'க்கு

ஸ்டார் வார்ஸ் படங்களை ஒட்டி வந்த நாவல்களில் எதை அடுத்த படமாக எடுக்கலாம்? கோவையில் எங்கள் கூட்டத்தில் இந்தப் பேச்சு ஓய்ந்ததே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் காந்திபுரம் பக்கம் ஒரு பேக்கரியில் ஆரம்பிக்கும். டீயும் தேங்காய் பன்னும் தீர்ந்த பிறகு கடை வாசலில் வண்டியில் சாய்ந்துகொண்டு தொடரும். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணா ஒருவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தோழி, ஈரோட்டிலிருந்து வரும் கல்லூரித் தம்பி, அப்புறம் நான். ஆளுக்கு ஒரு புத்தகம் வைத்திருக்கிறோம், யாரும் இறங்கி வருவதில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜான் ஜாக்சன் மில்லர் எழுதி 2013இல் வந்த 'கெனோபி' நாவலைத்தான் எடுக்க வேண்டும். மற்றவற்றை ஏன் ஒதுக்குகிறேன் என்று பார்த்துவிட்டு அதற்கு வரலாம்.

இந்த நாவல்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நம் ஊரில் படம் வந்தால் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், சில படங்களுக்குக் கதை வசனப் புத்தகமும் வரும். ஸ்டார் வார்ஸில் நடந்தது வேறு. படத்தில் இல்லாத கதைகளையே நாவல்களாக எழுதிக் குவித்தார்கள். முதல் படம் 1977 மே மாதம் வெளியானது. அதற்கும் முன்பே, 1976 நவம்பரில், படக்கதை நாவலாகக் கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயர் இருந்தாலும் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். அதிலிருந்து இன்றுவரை நூற்றுக்கணக்கான நாவல்கள் வந்துவிட்டன. 2012இல் லூகாஸின் கம்பெனியான லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கியது. புதுப் படங்களுக்கு இடம் வேண்டும் என்பதால், அதுவரை வந்த நாவல்களின் கதை இனி அதிகாரப்பூர்வக் கதை ஆகாது என்று 2014 ஏப்ரலில் அறிவித்தார்கள். அந்தப் பழைய நாவல்கள் இப்போது 'லெஜண்ட்ஸ்' என்ற முத்திரையோடு அச்சாகின்றன. ரசிகர்கள் இதற்காக அன்று பட்ட வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் அலசும் புத்தகங்களில் பாதிக்கு மேல் அந்த முத்திரைக்குள் அடங்கியவைதான்.

உண்மையிலேயே இரண்டாம் படமாக எடுப்பதற்கென்றே எழுதப்பட்ட நாவல் ஒன்று உண்டு. அதே ஃபாஸ்டர் எழுதி 1978இல் வந்த 'ஸ்ப்ளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ'. முதல் படம் சுமாராக ஓடினால், கையில் இருக்கும் உடைகளையும் பொருள்களையும் வைத்துக் குறைந்த செலவில் ஒரு தொடர்ச்சி எடுத்துவிடலாம் என்பது லூகாஸின் யோசனை. அதனால்தான் கதை முழுக்க மிம்பன் என்ற பனிமூட்டக் கோளில் நடக்கிறது. மூட்டம் இருந்தால் பின்னணிக்குச் செட் போட வேண்டியதில்லை. ஹாரிசன் ஃபோர்டு அப்போது அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை, அதனால் அவர் நடித்த ஹான் சோலோ கதையிலேயே இல்லை. முதல் படம் உலகத்தையே புரட்டிப்போட்டு ஓடியதும் இந்தச் சிக்கனத் திட்டம் தேவையில்லாமல் போனது. இன்று இதை எடுக்க வழியே இல்லை. இதில் முதல் படத்தின் நாயகன் லூக்கும் நாயகி லேயாவும் ஒருவர்மேல் ஒருவர் ஆசை வைத்துப் பழகுகிறார்கள். இருவரும் கூடப் பிறந்தவர்கள் என்று 1983 படம் சொல்லிவிட்டது. மிம்பன் என்ற பெயரையும் 2018இல் வந்த 'சோலோ' படம் எடுத்துக்கொண்டது. ஆனால் பணம் குறைவாக இருந்தால் கதையை ஒரே இடத்தில் நிறுத்து என்ற அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பின்னால் அது உதவும்.

இப்போது பெரிய போட்டியாளர், திமோத்தி ஸான் எழுதிய த்ரான் மூன்று நாவல்கள். 'ஏர் டு தி எம்பயர்' 1991இல் வந்தது, அடுத்த இரண்டும் 1992, 1993இல். லேத் அண்ணா இதில் அசையவே மாட்டார். "ஏனுங்க, அந்த மூணு பொஸ்தகம் வரலீன்னா நாம இன்னைக்கு இதப் பத்திப் பேசிட்டே இருக்க மாட்டமுங்க" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. 1983க்குப் பிறகு படம் இல்லை, ரசிகர் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் வந்த முதல் நாவல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தலைநகரக் கோளுக்கு கோரஸண்ட் என்று பெயர் வைத்தவரே ஸான்தான், படத்தில் அந்தப் பெயர் 1999இல்தான் வந்தது.

படங்களில் தோற்ற வில்லன் பேரரசின் மிச்சப் படையை நடத்தும் தளபதி த்ரான் ஏன் இவ்வளவு பேரைக் கட்டிப்போட்டான் என்பதற்கு முதல் நாவலின் ஆரம்பமே போதும். நீல உடம்பு, சிவந்த கண். இருட்டான அறையில் வேற்றினத்தாரின் சிற்பங்களையும் ஓவியங்களையும் ஒளிப்படிமங்களாக வரவழைத்துச் சுற்றிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரிக் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன, அவன் பதறவில்லை. வருகிற தலைவன் எலோமின் இனத்தவன் என்று கண்டுபிடிக்கிறான். அந்த இனத்தின் கலையைப் பார்த்தாலே தெரிகிறது, ஒழுங்கில்லாமல் சிதறி வரும் தாக்குதலை இவர்களால் சமாளிக்க முடியாது என்கிறான். அப்படியே அடிக்கிறான், அப்படியே ஜெயிக்கிறான். பக்கத்தில் நிற்கும் பெலியன் என்ற கப்பல் தலைவன் வாயடைத்துப் போகிறான், அவன் கண் வழியாகத்தான் நாமும் பார்க்கிறோம். படிக்கும்போது இதற்கு ஈடே இல்லை. திரையில் வந்தால் என்ன ஆகும்? ஒருவன் யோசிப்பான், பக்கத்தில் இருப்பவனுக்கு விளக்குவான். நாவலில் நாமும் கூட யோசிக்க நேரம் கிடைக்கிறது. படத்தில் அது வசனமாகத்தான் கிடைக்கும்.

இதையாவது நல்ல இயக்குநர் கையாண்டுவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். முகங்களுக்கு என்ன செய்வது? கதை நடப்பது 1983 படம் முடிந்து ஐந்து வருடம் கழித்து. லூக், லேயா, ஹான் மூவரும் இளமையோடு ஒவ்வொரு அத்தியாயத்திலும் வர வேண்டும். ஹாரிசன் ஃபோர்டு 1942இல் பிறந்தவர், லூக்காக நடித்த மார்க் ஹாமில் 1951இல். லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் இறந்துவிட்டார். கம்ப்யூட்டரில் இளமை முகத்தை ஒட்டலாமே என்கிறார் ஈரோட்டுத் தம்பி. 'மாண்டலோரியன்' தொடரில் 2020இல் லூக்கை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். சில நிமிடத்துக்கு அது சரி. மூன்று படம் முழுக்க, அதுவும் இல்லாமல் போன ஒரு நடிகையின் முகத்தை ஒட்டி வைத்து, அவர் கொடுக்காத நடிப்பை வாங்குவது என் மனசுக்கு ஒப்பவில்லை. வேறு நடிகர்களைப் போடலாம் என்றால் அதற்குக் கம்பெனியும் பாதி ரசிகர்களும் தயாராக இல்லை. இன்னொன்று, மூன்றாம் நாவலில் லேயாவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கிறார்கள். 2015க்குப் பிறகு வந்த படங்களில் அவளுக்கு ஒரே மகன், அவன் கதை நமக்குத் தெரியும். இரண்டையும் ஒட்ட வைக்க முடியாது.

அதோடு த்ரான் நாவலை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டான். 2016இல் 'ரெபெல்ஸ்' கார்ட்டூன் தொடரில் வந்தான், 2023இல் 'அசோக்கா' தொடரில் ஆளாகவே வந்தான். இரண்டிலும் அவனுக்குக் குரல் கொடுத்தவர், நடித்தவர் லார்ஸ் மிக்கல்சன். 'மாண்டலோரியன்', 'அசோக்கா' போன்ற தொடர்களின் கதைகளை ஒன்று சேர்த்து டேவ் ஃபிலோனி ஒரு படம் எடுப்பார் என்றும் 2023 ஏப்ரலில் அறிவித்தார்கள். ஆக த்ரான் வருவான், அவன் பிறந்த நாவல் வராது. இதில் எனக்கு நிஜமான வருத்தம் மாரா ஜேட் விஷயத்தில்தான். பேரரசனின் ரகசியக் கையாளாக இருந்தவள், லூக்கைக் கொன்றே தீருவேன் என்று அலைபவள், வேறு கதைகளில் பின்னால் அவனையே மணப்பவள். அவளை இதுவரை எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

த்ரான் நாவல்களிலிருந்து ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளச் சொன்னால் போர்க் காட்சிகளை விட்டுவிட்டு நோக்ரிகளின் கதையைக் கேட்பேன். இரண்டாம் நாவலில் வருகிறது. வானில் நடந்த ஒரு போரில் அவர்களுடைய கோளின் மண் விஷமாகிவிடுகிறது. பேரரசின் தளபதி டார்த் வேடர் வந்து காப்பாற்றுகிறேன் என்கிறான். மண்ணைச் சுத்தம் செய்ய இயந்திரங்களை விடுகிறான், பதிலுக்கு அவர்களுடைய ஆண்களைக் கொலைத்தொழிலுக்குக் கூட்டிப்போகிறான். தலைமுறை மாறியும் மண் தெளியவில்லை, கடனும் தீரவில்லை. மண்ணைத் தெளியவிடாமல் பார்த்துக்கொள்வதே பேரரசுதான் என்பதை லேயா கண்டுபிடிக்கிறாள். பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நின்றதைப் பார்த்த நொய்யல்கரைக்காரர்கள் இந்த அத்தியாயங்களை வேகமாகத் தாண்ட முடியாது. திருப்பூர்த் தோழி இதைப் படித்த வாரம் வேறு எதையும் பேசவில்லை.

ஈரோட்டுத் தம்பியின் தேர்வு ஸ்டீவ் பெர்ரியின் 'ஷேடோஸ் ஆஃப் தி எம்பயர்', 1996. நாவல், காமிக்ஸ், நின்டெண்டோ 64 விளையாட்டு, பொம்மைகள், பின்னணி இசைத் தட்டு என்று ஒரு படத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் வெளியிட்டார்கள், படம் மட்டும் இல்லை. தம்பி அந்த விளையாட்டு வழியாகத்தான் உள்ளே வந்தார், அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் 1980 படத்துக்கும் 1983 படத்துக்கும் நடுவில் நடக்கும் கதை இது. யார் பிழைப்பார், யார் சாவார் என்று எல்லோருக்கும் தெரியும். 1980 படத்தில் எதிரிகள் உறையவைத்த ஹான் அப்படியே கிடப்பதால் அவன் இடத்தை நிரப்ப அவனைப் போலவே ஒருவனைப் போட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

திருப்பூர்த் தோழி சொல்லும் 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' அப்படித் தள்ளக்கூடியதில்லை. 2015இல் கிளாடியா கிரே எழுதியது, டிஸ்னி காலத்துப் புத்தகம், அதனால் லெஜண்ட்ஸ் பிரச்சினை கிடையாது. ஜெலுகன் என்ற மலைக்கோளில் தேய்ன், சியெனா என்று இரண்டு பிள்ளைகள். அவன் பணக்கார வீடு, பிறகு வந்து குடியேறியவர்கள். அவள் முதலில் குடியேறிய ஏழை ஜனம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுதான் அந்த ஜனத்துக்கு மானம். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. விமானம் ஓட்டும் ஆசை இருவரையும் சேர்த்துவைக்கிறது. இருவரும் பேரரசின் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறார்கள். ஆல்டரான் கோளைப் பேரரசு அழித்த பிறகு தேய்னுக்கு மனம் முறிகிறது, ஓடிப்போய்ப் புரட்சிக்காரர்களோடு சேர்கிறான். சியெனாவுக்கும் உள்ளே அறுக்கிறது, ஆனால் சத்தியம் செய்துவிட்டாள், போகமாட்டாள். படங்களில் நாம் பார்த்த போர்கள் எல்லாம் இங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகின்றன. ஜாக்கு என்ற பாலைவனக் கோளில் நடக்கும் போரோடு கதை முடிகிறது. 2015 படத்தில் மணலில் பாதி புதைந்து கிடக்கும் பிரம்மாண்டமான கப்பல்கள் அந்தப் போரில் விழுந்தவைதான்.

சாதி, அந்தஸ்து பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் வீடுகளை நம் பக்கத்தில் தேடிப் போக வேண்டியதில்லை, அதனால் இந்தக் கதை இங்கே படிப்பவரை உடனே பிடித்துக்கொள்ளும். புது முகங்களைப் போட்டு எடுக்கலாம் என்பதும் பெரிய வசதி. தோழியின் வலுவான வாதம் முடிவைப் பற்றியது. கடைசியில் சியெனா கைதியாக இருக்கிறாள், தேய்ன் அவளுக்காகக் காத்திருக்கிறான், கதை அங்கே நிற்கிறது. தொடர்ச்சிக்கு அதைவிட நல்ல இடம் உண்டா என்று கேட்கிறார். இல்லைதான். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர நாவல் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பயிற்சிப் பள்ளியை நாலு ஷாட்டில் ஓட்டி, பிரிவை ஒரு பாட்டில் முடித்தால் சியெனா ஏன் போகவில்லை என்பது யாருக்கும் புரியாது. அவள் பிடிவாதம் மெதுவாகத்தான் மனசில் ஏறும். மூன்று பழைய படங்களும் பார்ப்பவருக்கு மனப்பாடமாக இருந்தால்தான் பாதிக் காட்சிகள் உறைக்கும். எட்டு, பத்து எபிசோட் தொடராக எடுத்தால் நானே முதல் ஆளாக உட்காருவேன். படத்துக்கு இது ஒத்துவராது.

'கெனோபி'க்கு வருகிறேன். முடிவையும் பேசப் போகிறேன், படிக்க நினைப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

2005 படத்தின் கடைசியில், பேரரசுக்குத் தப்பி ஒளியும் வீரர் ஓபி-வான் கெனோபி குழந்தை லூக்கை டாட்டூயின் கோளில் ஒரு குடியானவர் வீட்டில் ஒப்படைக்கிறார் இல்லையா, நாவல் அதற்கு அடுத்த நாள்களில் நடக்கிறது. உலகத்தைக் காப்பாற்றும் வேலை எதுவும் இல்லை. ஒரு சோலை, அதன் பக்கத்தில் ஒரு கடை. கடையை நடத்துபவள் அனிலீன், கணவனை இழந்தவள், வயசுப் பிள்ளைகள் இரண்டு பேர். சுற்றிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் இயந்திரங்களை நட்டு வைத்துப் பிழைக்கும் பண்ணைக்காரர்கள். கெனோபி 'பென்' என்று பெயர் சொல்லிக்கொண்டு சாமான் வாங்க வருகிறார். வாங்கிவிட்டுப் பேசாமல் போய்விட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். கடையில் இருப்பவர்கள் விடுவார்களா? எந்த ஊர், எங்கே குடியிருக்கிறார், ஏன் தனியாக இருக்கிறார், ஒருவர் மாற்றி ஒருவர் துருவுகிறார்கள். கிராமத்து மளிகைக் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பழகிய யாருக்கும் அந்த அத்தியாயங்களில் ஒவ்வொரு வரியும் தெரிந்த வரி.

மில்லர் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. கெனோபியின் மனசுக்குள் அவர் போகவே இல்லை. அனிலீன் பார்க்கும் பென், பண்ணைக்காரர்கள் பார்க்கும் பென், எதிரிகள் பார்க்கும் பென், இவ்வளவுதான். அவர் குரலை நாம் கேட்பது நடுநடுவே வரும் சின்னத் தியானங்களில் மட்டும். இறந்துபோன தன் குருவிடம் பேசுகிறார், பதில் வருவதில்லை. படத்துக்கு இப்படி வாகாக அமைந்த வடிவம் வேறெந்த நாவலிலும் இல்லை. கேமரா எப்போதும் வெளியில் நின்றுதான் பார்க்கும். இந்த நாவலும் அப்படியே வெளியில் நின்று பார்க்கிறது.

வில்லன் ஓரின் கால்ட். பெரிய பண்ணைக்காரன், எல்லோருக்கும் வேண்டியவன், நல்ல ருசியான தண்ணீர் இறக்க இயந்திரத்தை எப்படிப் பூட்டலாம் என்று நாள் முழுக்க மண்டையை உடைப்பவன். டஸ்கன் என்ற பாலைவன மக்கள் தாக்க வந்தால் ஒலி எழுப்பி, ஊரே ஆயுதத்தோடு கூடிப் போகும் ஏற்பாடு ஒன்றை நடத்துகிறான். அதற்கு ஒவ்வொரு பண்ணையும் சந்தா கட்ட வேண்டும். போகப் போகத்தான் தெரிகிறது, அவன் கழுத்துவரை கடனில் இருக்கிறான், கடன் கொடுத்தவன் ஜப்பா என்ற தாதா. பொதுப் பணத்தில் கை வைத்துவிட்டான். சந்தா கட்டாதவர்களைப் பயமுறுத்த டஸ்கன் வேஷம் போட்டுக்கொண்டு தாக்குவதும் அவன் ஆட்கள்தான். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டுத் தொலைத்த குடும்பங்கள் நம் சொந்தபந்தத்தில் எத்தனை. ஊர்க்காரனே ஊரை ஏமாற்றும்போது அது எப்படி நடக்கும், எவ்வளவு நாள் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதை மில்லர் அணு அணுவாகக் காட்டுகிறார். ஓரின் கெட்டவனாகப் பிறந்தவன் இல்லை. ஒரு தவணை தள்ளிப் போகிறது, அதை மறைக்க ஒரு பொய், அந்தப் பொய்யைக் காக்க ஒரு துப்பாக்கி. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024இல் தொடங்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் தண்ணீருக்குக் காத்திருந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர்ப் பண்ணைக்காரனின் கடன் புதிதில்லை.

டஸ்கன்களின் தலைமை ஆயார்க். ஒரு கண்ணுக்குப் பதில் கல் பதித்த உருவம், பண்ணைக்காரர்கள் பேரைக் கேட்டாலே நடுங்குகிறார்கள். அந்த ஆள் ஆண் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, பெண் என்று தெரிய வருகிறது. 2002 படத்தில், பின்னால் டார்த் வேடராக மாறும் அனக்கின் ஒரு டஸ்கன் முகாமையே வெட்டிச் சாய்த்தானே, அந்த வெட்டின் பயம் இந்த ஜனங்களை எப்படி ஆட்டிப்படைக்கிறது என்பதும் கதையில் இருக்கிறது. அந்த அனக்கினின் குருதான் இப்போது பக்கத்தில் ஒளிந்து வாழ்கிறார். கடைசியில் ஓரினை ஆயார்க் கொல்லவில்லை. துணி சுற்றி, முகமூடி மாட்டித் தன் கூட்டத்தில் ஒருவனாக்கி, தண்ணீர் எடுத்துக் கொடு என்று வைத்துக்கொள்கிறாள். பொய்யாகப் போட்ட வேஷம் உடம்போடு ஒட்டிவிடுகிறது. இதைத் திரையில் பார்க்க எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். 2022இல் கெனோபியை வைத்து ஒரு தொடர் வந்துவிட்டது, அந்த இடம் நிரம்பிவிட்டது என்பது முதலாவது. அந்தத் தொடர் நடப்பது 2005 படத்துக்குப் பத்து வருடம் கழித்து. நாவலை அப்படியே பழைய காலத்தில் எடுத்தால் கெனோபியாக நடிக்கும் ஈவன் மெக்ரெகரின் வயசு உதைக்கும், நடுவில் நுழைத்தால் தொடரோடு முட்டும். அதனால் கதையைத் தொடருக்குப் பின்னால் தள்ளிவிடலாம் என்கிறேன். தொடர் முடியும் இடத்துக்கும் 1977 படத்துக்கும் நடுவே ஒன்பது வருடம் சும்மா கிடக்கிறது. அனிலீனின் கடை, ஓரினின் கடன், ஆயார்க்கின் கோபம் எதுவும் குறிப்பிட்ட வருடத்தில் நடந்தாக வேண்டியவை இல்லை. வயசும் சரியாக வரும். முதல் படத்தில் கெனோபியாக நடித்த, 1914இல் பிறந்த அலெக் கின்னஸ், 1976இல் அதன் படப்பிடிப்பு நடந்தபோது அறுபதைத் தாண்டியவர். மெக்ரெகர் 1971இல் பிறந்தவர், இப்போது ஐம்பதுகளில் இருக்கிறார். நரைத்த தாடியோடு அவரை அப்படியே நிறுத்தலாம், கம்ப்யூட்டர் முகம் எதுவும் வேண்டாம். தள்ளி வைப்பதில் ஒன்று மட்டும் குறையும். புதிதாக வந்தவர் என்ற ஊர்க்காரர்களின் துருவல் போய்விடும். குடியிருப்பை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் வந்திருக்கிறார் என்று ஒரு வரி வைத்தால் அதுவும் சரியாகிவிடும்.

லெஜண்ட்ஸ் முத்திரை குத்திய புத்தகத்தை எப்படி எடுப்பார்கள் என்பது இரண்டாவது. த்ரானே அந்த முத்திரைக்குள்ளிருந்து எழுந்து வந்தவன்தானே, இதில் தடை என்ன?

லேத் அண்ணாவின் எதிர்ப்பு வேறு மாதிரி. "இத்தனை சின்ன வில்லனுக்கு ஒரு படமாங்க? ஒரு கப்பல் சண்டைகூட இல்லையே" என்கிறார். கோள்களை வெடிக்க வைக்கும் ஆயுதத்தை இந்தப் படங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது. அடுத்தது இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்று போனதில் கதை மாந்தர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். ஒரு கடை, ஒரு சோலை, ஒரு கடன் போதும். 1978இல் ஃபாஸ்டருக்குக் கிடைத்த அதே சிக்கன உத்தரவை இன்றைய இயக்குநருக்கும் கொடுத்துப் பார்க்கட்டும். பட்டறை நடத்துகிறவருக்கு ஓரின் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் பக்கங்கள் பிடித்திருக்கின்றன என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எங்கள் நான்கு பேரில் இந்தப் புத்தகத்தை இன்னும் படிக்காதவர் ஈரோட்டுத் தம்பிதான். வேறு நாவல் எதையும் முன்னால் படித்திருக்க வேண்டியதில்லை, 2005 படத்தைப் பார்த்திருந்தால் போதும் என்று சொல்லி என் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு அவர் கட்சி மாறினால் இரண்டுக்கு ஒன்று, ஒன்று.